மின்னூர் மெர்சியின் கட்டைவிரல்

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகிற வழியில் மின்னூர் என்று ஓர் ஊர் வரும். பஸ்ஸில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் தாண்டிப் போயிருப்போம். மெர்சிக்குப் பிறந்த வீடும் அங்கேதான், புகுந்த வீடும் அங்கேதான். நடுவில் ரெண்டே தெரு. கல்யாணத்தன்று மகளைக் கொண்டுபோய் விட்ட அவளுடைய அம்மா பட்டம்மாள், அடுப்பில் வைத்த உலை பொங்கி வழிந்திருக்குமோ என்று பாதி ஜெபத்தில் எழுந்து வீட்டுக்கு ஓடிய கதையைச் சொல்லி இன்றைக்கும் அந்தத் தெருவில் சிரிப்பார்கள்.

ஊர்ப் பெயரில் மின் இருந்ததே ஒழிய, மெர்சிக்குக் கரண்டு என்றால் ஆகாது. சின்ன வயதில், மழையில் ஊறிக் கிடந்த சுவரில் சுவிட்சைத் தொட்டுத் தூக்கி எறியப்பட்டவள் அவள். பல்பு போய்விட்டால் புருஷன் தேவசகாயம் வேலை முடிந்து வரும்வரை மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருப்பாள். தேவசகாயத்துக்குத் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் பம்பு ஓட்டுகிற வேலை. ஸ்டூல் மேல் ஏறி பல்பைத் திருகிக்கொண்டே, “மின்னூர்ல பொறந்துட்டுக் கரண்டுக்குப் பயப்படுறவ நீ ஒருத்திதான்” என்பான். அவளும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே, “சீக்கிரம் எறங்கு, பேசினது போதும்” என்பாள்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஷூ கம்பெனிக்குப் போனவள் மெர்சி. போன புதிதில் எங்கெங்கோ நிறுத்தினார்கள். கடைசியில் ஸ்கைவிங்கில் உட்கார வைத்தார்கள், அங்கேயே நிலைத்துவிட்டாள். தோலின் ஓரத்தை மடித்துத் தைத்தால் அந்த இடம் தடித்துப்போகும். போட்டுக்கொள்கிறவர் காலைக் கடிக்கும். அதனால் மடிப்பதற்கு முன்பே ஓரத்தை மட்டும் சீவிவிட வேண்டும். உள்ளே தடிப்பாக இருந்து, வெளியே போகப் போக ஒன்றுமில்லாமல் ஆகிவிட வேண்டும். எங்கே தோல் முடிந்தது, எங்கே காற்று தொடங்கியது என்று தெரியக் கூடாது. அதுதான் ஸ்கைவிங்.

சரியாக வந்திருக்கிறதா என்பதைக் கண் சொல்லாது. கட்டைவிரல் சொல்லும். மெர்சி ஒரு தோலை எடுத்து ஓரத்தில் கட்டைவிரலை ஒரு தடவை இழுத்தால் போதும், முடிந்தது. பக்கத்து மெஷின்காரியோடு பேசிக்கொண்டே, எங்கோ பார்த்துக்கொண்டே செய்வாள். அந்த விரலுக்கு அவள் கூடவே இருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்து பார்க்கிற காலத்தில் எல்லாரும் கையுறை போட்டாக வேண்டும் என்று சட்டம் வந்தது. கையுறை போட்டால் தோல் பேசாது. ஸ்கைவிங் பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கையுறையின் கட்டைவிரல் நுனியை மட்டும் கத்தரியால் ஒரு வெட்டு. விரல் நுனி ஆமைத் தலை மாதிரி வெளியே எட்டிப் பார்க்கும். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போய்விடுவார். புதுக் கையுறை கைக்கு வந்ததும் கத்தரியைத் தேடுவது, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைகிற மாதிரி அவர்களுக்குப் பழகிவிட்டது.

அந்தக் கம்பெனியில் இன்னொரு பழக்கமும் இருந்தது. கொஞ்சம் கோணலாகப் போய்விட்டால், “உடு, அடுத்த லைன்ல பாத்துக்குவாங்க” என்று தள்ளிவிடுவார்கள். ஸ்கைவிங்கில் விட்டதைத் தையல் பார்த்துக்கொள்ளும். தையல் விட்டதை ஒட்டுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கடைசியில் பேக்கிங்கில் ஒரு துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடிவிடுவார்கள். யாரும் ஏமாற்றியதில்லை. அடுத்த லைன் என்று ஒன்று எப்போதும் இருந்தது, அவ்வளவுதான்.

ஆர்டர் கம்மியானதும் முதலில் ஸ்கைவிங் மெஷின்களைத்தான் மூடி வைத்தார்கள். மெர்சியைப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். நாளெல்லாம் ஷூவுக்குள் காகிதம் திணிக்கிற வேலை. கட்டைவிரலுக்கு ஒன்றுமே இல்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தி மாவைத் தேய்க்கும்போது ஓரத்தைத் தடவிக்கொண்டே நிற்பாள். ஒன்பதாவது படிக்கும் மகள் பாரதி, “அம்மா, அது மாவு. ஷூ இல்ல” என்பாள்.

அந்த பாரதிதான் ஒருநாள் போனில் வந்த விளம்பரத்தைப் படித்துக் காட்டினாள். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கம்பெனி, கடலுக்கு அடியில் போகிற கேபிள்களை இணைக்கப் பயிற்சி கொடுக்கிறதாம். தோல், ஷூ வேலையில் கத்தி பிடித்துப் பழகிய பெண்களும் வரலாமாம்.

தேவசகாயம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தான். “இன்னா மெர்சி, பல்பு மாட்ட என்னக் கூப்புடுவ. இப்ப கடலுக்கடியில போய் கரண்டப் புடிக்கப் போறியா?”

“கரண்டு வர்றதுக்கு முன்னாடியே நாங்க முடிச்சிட்டு வந்துருவமாம்.”

“யார் சொன்னா?”

“நானே சொல்லிக்கினேன்” என்றாள் மெர்சி.

*

ஆம்பூரில் ரயிலேறி வாலாஜா ரோட்டில் இறங்கினால் கம்பெனி வேன் நிற்கும். முதல் நாள் வேனில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அஃப்ஸர் ஜஹான். மேல்விஷாரத்துக்காரி. அவளும் ஷூ கம்பெனிதான், தையல் லைன்.

“நீங்க எந்த வேலைக்கா?”

“ஸ்கைவிங்.”

“அரே! நீங்க உட்டதெல்லாம் வாங்கிக் கட்டிக்கினது நாங்கதான்” என்று அஃப்ஸர் அவள் தொடையில் ஒரு அடி வைத்தாள். மதியத்துக்குள் அக்கா போய், வெறும் மெர்சி ஆகிவிட்டது.

சொல்லிக்கொடுக்க வந்த நந்தினி அவர்கள் இரண்டு பேரையும்விடச் சின்னவள். விரிஞ்சிபுரத்துப் பெண், இன்ஜினியரிங் படித்துவிட்டு வெளிநாட்டில் இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தவள். அவர்கள் அவளை மேடம் என்றார்கள். அவள் அவர்களை அக்கா என்றாள். யார் யாருக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்பது கடைசிவரை தீர்மானமாகவில்லை.

“தெற்குக் கடல்ல, கரையிலருந்து ரொம்ப உள்ள, கரண்டு எடுக்கிற பெரிய காத்தாடி நடப்போறாங்க” என்று தொடங்கினாள் நந்தினி. “அந்தக் கரண்டு கரைக்கு வரணும். நம்ம வீட்டுக்கு வர்றது ஏ.சி. கரண்டு. அது முன்னாடி போவும், பின்னாடி வரும். முன்னாடி போவும், பின்னாடி வரும்.”

“எங்க மாமியா மாதிரி. வந்த கையோட நாத்தனார் வீட்டுக்கு, அங்கருந்து மறுபடி எங்க வீட்டுக்கு” என்றாள் அஃப்ஸர்.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. நந்தினியும் சிரித்துவிட்டுத்தான் தொடர்ந்தாள். “தண்ணிக்கடியில அவ்ளோ நீளத்துக்குக் கேபிள் போட்டு அதுல ஏ.சி. விட்டோம்னா, ஒவ்வொரு வாட்டியும் கேபிளை நிரப்பணும், காலி பண்ணணும். அதுக்கே கரண்டு தீர்ந்துடும். கரைக்கு இன்னா மிஞ்சும்? அதனாலதான் டி.சி. ஒரே பக்கமா போவும். ஒரு தடவ நிரப்பினா போதும், அப்புறம் போய்ட்டே இருக்கும். ஆனா அதுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு.”

“இன்னா மேடம்?”

“அழுக்கு கண்ட இடத்துல உக்காந்துக்கும். ஏ.சி.ன்னா வந்து வந்து போறதுல கலைஞ்சிடும். டி.சி. எழுந்துக்காது. அது மேலயே இன்னும் கொஞ்சம் வந்து உக்காரும். அது மேல இன்னும் கொஞ்சம். ஒருநாள் வெடிச்சிடும்.”

அலமாரியிலிருந்து கையளவு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். எங்கோ ஒரு சோதனையில் வெடித்துப்போன இணைப்பிலிருந்து அறுத்தெடுத்தது. மெழுகு மாதிரி வெளுத்த அந்தப் பிளாஸ்டிக்குக்குள் ஒரு கறுப்பு மரம் முளைத்திருந்தது. இலை இல்லாத மரம். அடியில் ஒற்றைத் தண்டு, மேலே போகப் போக முடியிழை மாதிரிக் கிளைகள். பனிக்காலத்தில் பாலாற்றங்கரையில் நிற்கிற ஒரு மரத்தை யாரோ குட்டியாக்கி உள்ளே வைத்து மூடிவிட்ட மாதிரி.

“அழகா கீது மேடம்” என்றாள் மெர்சி. அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

“வேர் எங்க இருக்கு பாருங்க. அங்கதான் ஒருத்தர் விரல் வச்சிருக்காரு. கையில இருக்கிற எண்ணெய், வேர்வை, அவ்ளோதான். அதுலருந்து முளைச்ச மரம் இது.”

அன்று சாயங்காலம் எல்லாருக்கும் நீலக் கையுறை கொடுத்தார்கள். நந்தினி போர்டில் எதையோ எழுதிவிட்டுத் திரும்பினால், மெர்சி கத்தரியும் கையுமாக நிற்கிறாள். கையுறையின் கட்டைவிரல் நுனி கீழே கிடக்கிறது.

“அக்கா! இன்னா பண்றீங்க?”

“நுனி வெட்டுறேன் மேடம்.”

“எதுக்கு?”

எதுக்கு என்று யாரும் அவளைக் கேட்டதே இல்லை. வெளியே எட்டிப் பார்த்த விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நந்தினி சுற்றிலும் பார்த்தாள். இன்னும் மூன்று பெண்கள் வெட்டியிருந்தார்கள். மூவரும் ஸ்கைவிங். அஃப்ஸர் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “மேடம், இந்த ஸ்கைவிங் ஜாதிக்கே கட்டைவிரல் வெளியதான் இருக்கும். பொறக்கும்போதே அப்படி.”

*

கேபிள் ஒரு ஆளின் தொடை அளவு தடிமன். நடுவில் செம்பு. அதைச் சுற்றி மெல்லிய கறுப்பு உறை, அதற்குமேல் அந்த மெழுகு வெள்ளை, அதற்குமேல் மறுபடி ஒரு கறுப்பு உறை, அப்புறம் ஈயம். இரண்டு கேபிளை இணைக்க வேண்டுமென்றால் இத்தனையையும் பூண்டு உரிக்கிற மாதிரி வரிசையாக உரித்து, செம்பைச் செம்போடு சேர்த்து, மேலே ஒரு ரப்பர் உறையை இழுத்து மூட வேண்டும். அந்த உறை வெள்ளையை எந்த இடைவெளியும் இல்லாமல் கவ்விப் பிடிக்க வேண்டும். வெள்ளையில் ஒரு மேடு இருந்தால் போச்சு, ஒரு தூசு இருந்தால் போச்சு, அளவுக்கு மேல் மெலிந்துவிட்டாலும் ரப்பர் பிடிக்காமல் போச்சு.

கறுப்பு உறை முடிந்து வெள்ளை தொடங்குகிற இடத்தில் படி இருக்கக் கூடாது. கறுப்பைச் சீவிச் சீவி ஒன்றுமில்லாமல் வெள்ளையில் கரைத்துவிட வேண்டும். நந்தினி செய்து காட்டியபோது மெர்சி இன்னும் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். அட, இது நம்ம ஸ்கைவிங்! அந்த வாரமே அவள் கை அதைப் பிடித்துக்கொண்டது.

பேஜார் பிடித்தது வெள்ளையைத் தேய்ப்பதுதான். சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி, மெலிசு, அதைவிட மெலிசு என்று மாற்றி மாற்றித் தேய்த்துக் கண்ணாடி ஆக்க வேண்டும். கையுறைக்குள் அவள் கட்டைவிரல் குருடாகக் கிடந்தது. தடவினால் எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது. நந்தினி டார்ச்சைச் சாய்த்து அடித்து மேடு பள்ளம் பார்க்கச் சொன்னாள். மெர்சிக்கு வெளிச்சம்தான் தெரிந்தது, மேடு தெரியவில்லை. அஃப்ஸருக்குத் தெரிந்தது. நாள் முழுக்கத் தையல் கோட்டையே பார்த்துப் பழகிய கண் அது.

ரயிலில் திரும்பும்போது மெர்சி தன் விரலை ஜன்னல் கம்பியில் தேய்த்துக்கொண்டே வருவாள். “இன்னா, துரு எவ்ளோ கீதுன்னு பாக்குறியா?” என்பார்கள் உடன் வருகிறவர்கள்.

பயிற்சியின் கடைசியில் சோதனை. இருவர் இருவராகச் சேர்ந்து ஓர் இணைப்புச் செய்ய வேண்டும். அதில் நிஜமான வோல்ட்டேஜை ஏற்றிப் பார்ப்பார்கள். தாங்கினால் அந்த ஜோடி கடற்கரை வேலைக்குப் போகலாம். தாங்காவிட்டால் அடுத்த பேட்ச். அடுத்த பேட்ச் எப்போது, உண்டா இல்லையா என்று நந்தினிக்கே தெரியாது. ஜோடிக்கு ஒரே கேபிள் துண்டு, ஒரே ரப்பர் உறை.

மெர்சியும் அஃப்ஸரும் ஒரு ஜோடி.

அஃப்ஸர் பழைய கம்பெனியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். அங்கே இவள் மெஷினில் வேறு ஒருத்தி உட்கார்ந்தாகிவிட்டது. ஆனால் அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. அவள் பேசுவதெல்லாம் கடலைப் பற்றித்தான். மேல்விஷாரத்திலிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்விடலாம், ஆனால் அவள் கடலைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் யாருக்காவது உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் கல்யாணம்.

“டிவில பாத்ததில்லையா?”

“டிவில பிரியாணி கூடத்தான் காட்டுறான்” என்றாள் அஃப்ஸர்.

*

தேய்ப்பு வேலை கடைசிக் கட்டத்துக்கு வந்த காலை. தூசு வராமல் நெகிழித் திரை போட்டு, ஏ.சி. வைத்த கூடாரம். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், பாதம்வரை வெள்ளை அங்கி. கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருந்தார்கள். தாளை மாற்றும்போதெல்லாம் கையுறையையும் மாற்ற வேண்டும்.

கடைசித் தாளும் தேய்த்து முடிந்ததும் மெர்சி பழைய கையுறையைக் கழற்றிப் போட்டாள். உள்ளங்கை வேர்வையில் வெளுத்துப்போயிருந்தது. புதுசை எடுக்கத் திரும்பினாள். அந்த ஒரு நொடியில், அவளைக் கேட்காமல், கட்டைவிரல் போய்த் தொட்டது.

வெள்ளையின் மேல் ஒரே ஒரு இழுப்பு. நிறைய நாள் கழித்து ஊருக்கு வந்தவன் தன் வீட்டுக் கதவைத் தொடுகிற மாதிரி.

எல்லாம் தெரிந்தது விரலுக்கு. இந்த இடம் நன்றாக வந்திருக்கிறது, அதோ அந்த இடத்தில் ஒரு பிசிறு. ஒரு கணம் அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் தான் செய்தது உறைத்தது.

அஃப்ஸர் துடைக்கிற தாளுக்காகக் குனிந்திருந்தாள். நந்தினி வெளியே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். கூடாரத்துக்குள் ஏ.சி.யின் சத்தம் மட்டும். மெர்சி வேக வேகமாகப் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டாள். வெள்ளையில் ஒன்றுமே தெரியவில்லை. விரல் பட்ட தடம் கூட இல்லை.

அழுக்கு எடுக்கிற மருந்தில் நனைத்த தாளால் துடைத்தார்கள். வெள்ளையிலிருந்து கறுப்பை நோக்கி, ஒரே திசையில், திரும்பி வராமல். சுற்றிலும் சுத்தமான படலத்தைப் போர்த்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள். சாப்பிட்டு வந்ததும் ரப்பர் உறை ஏற்றவேண்டியதுதான். ஏற்றிவிட்டால் திறக்க முடியாது.

அஃப்ஸர் வீட்டிலிருந்து குஸ்கா கொண்டுவந்திருந்தாள். மெர்சி பிசைந்துகொண்டே இருந்தாள். உடு, அடுத்த லைன்ல பாத்துக்குவாங்க. அந்தக் குரல் அவளுக்குள்ளேயே கேட்டது. அவளுடைய குரல்தான். இத்தனை வருஷமாக அவளே சொன்னது. ஆனால் அடுத்த லைன் யாரு இதுக்கு? யோசித்துப் பார்த்தாள். ரப்பர். அதற்கப்புறம் மண். அதற்கப்புறம் தண்ணி. தண்ணிக்குக் கண்ணும் இல்லை, துணியும் இல்லை. சோதனையில் தாங்கினாலும் தாங்கும். அப்புறம் கடலுக்கடியில் போகிற இன்னொன்றைச் செய்வாள். அதிலும் விரல் போகும். அங்கேயும் கரண்டு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“அஃப்ஸர்” என்றாள். “நான் தொட்டுட்டேன்.”

அஃப்ஸர் தலை நிமிரவில்லை. ஒரு கவளத்தை மென்று விழுங்கினாள். “தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“பாத்தேன். குனிஞ்சா கண்ணு தெரியாதா? அந்த எடத்த மட்டும் மூணு தாளு போட்டுத் தொடச்சேன், பாக்கலையா நீ?”

“பாத்துட்டு சும்மாவா இருந்த?”

“சும்மாதான் இருந்தேன். நீ சொல்லலன்னா நானும் சொல்லிருக்க மாட்டேன்.” அஃப்ஸர் டிபன் டப்பாவைப் பட்டென்று மூடினாள். “எதுக்குடி சொன்ன? வாயி இல்லாம பொறந்திருக்கக் கூடாதா? நான் கடல் பாக்க வேணாமா?”

மெர்சி பிசைந்த சோற்றைத் தள்ளி வைத்தாள். “நீ பாக்கணும்னுதான் நானும் வாய மூடிக்கினு இருந்தேன். சோறு எறங்கல.”

“எனக்கு மட்டும் எறங்கிச்சா? காலைல அவசரத்துல குஸ்கால உப்பே போடல நான். நீ கவனிக்கவே இல்ல.”

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று பிற்பாடு அவர்களால் சொல்ல முடியவில்லை. சிரிப்பு நின்றதும் அஃப்ஸர் எழுந்து புடவைத் தலைப்பை உதறினாள். “நட. அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லித் தொலைப்போம்.”

நந்தினி திட்டுவாள் என்று நினைத்தார்கள். திட்டவில்லை. படலத்தைப் பிரித்து, அளவுகோலை வைத்து வெள்ளையின் தடிமனைச் சுற்றிலும் அளந்தாள். 

“துடைச்சிருக்கீங்க. அப்படியே விட்டா தாங்கினாலும் தாங்கும்க்கா” என்றாள் கடைசியில். “எனக்குத் தெரியாது. உண்மையிலயே தெரியாது. இல்லன்னா மறுபடி தேய்ச்சு அந்த மேல்தோலை எடுத்துடணும். ஆனா ஏற்கெனவே ஒரு வாட்டி ஜாஸ்தி தேய்ச்சிருக்கோம். இன்னும் ஒரு முடி அளவுதான் மிச்சம் இருக்கு. அதைத் தாண்டினா ரப்பர் புடிக்காது, கேபிள் வீண். நீங்க சொல்லுங்க.”

மெர்சி அஃப்ஸரைப் பார்த்தாள்.

“என்னய இன்னா பாக்குற? முடி அளவுல சீவுறது யாரு வேலை?” என்றாள் அஃப்ஸர்.

*

அந்த மதியம் முழுக்க அவர்கள் தேய்த்தார்கள். மெர்சி கையில் தாள், அஃப்ஸர் கையில் டார்ச். கையுறைக்குள் ஒன்றும் தெரியவில்லை. அதனால் மெர்சி தன் விரலிடம் கேட்பதை நிறுத்திவிட்டு அஃப்ஸரிடம் கேட்கத் தொடங்கினாள்.

“இங்க?”

“கொஞ்சம் மேடு. கீழ வா. அங்க நக்கோ, வேணாம், அங்க சரியா இருக்கு. இப்படி வா.”

“இங்க?”

“ஆங். ரெண்டு இழுப்பு. போதும். போதும்னா போதும்!”

ஓரத்தில் தொடங்கி ஓரத்துக்கு, எந்த இடத்திலும் நின்றுவிடாமல், ஒரே கனத்தில் சீவிக்கொண்டு போவது மெர்சிக்கு அத்துப்படி. எங்கே என்பது மட்டும்தான் இத்தனை நாளும் தெரியாமல் இருந்தது. இப்போது அது வாயால் வந்தது. கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் இடையில் வார்த்தை குறைந்துபோயிற்று. அஃப்ஸரின் மூச்சு மாறினால் மெர்சியின் கை நகரும். வெளிச்சம் சாய்ந்தால் தாள் திரும்பும். கையுறை மாற்றும்போதெல்லாம் அஃப்ஸர், “விரலு எங்க?” என்று கேட்பாள். மெர்சி கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக் காட்டுவாள், பிடிபட்ட திருடனைக் காட்டுகிற மாதிரி.

நந்தினி மறுபடி அளந்தாள். எல்லைக்குள் இருந்தது. நூலிழைதான், ஆனாலும் உள்ளே. அன்றே ரப்பர் உறையை ஏற்றினார்கள்.

சோதனை நடக்கும் கூடம் ஒரு கோயில் மண்டபம் மாதிரி உயரமாக இருந்தது. வழவழப்பான பெரிய உலோகப் பந்துகள் தலைக்குமேல் தொங்கின. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் மெர்சியும் அஃப்ஸரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கம் அவர்களுடைய இணைப்பு, சின்னக் குழந்தையைத் துணியில் சுற்றிக் கிடத்திய மாதிரிக் கிடந்தது. நந்தினி வோல்ட்டேஜை ஏற்றத் தொடங்கினாள்.

மெர்சி சத்தத்துக்காகக் காத்திருந்தாள். ஊரில் டிரான்ஸ்பார்மர் எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும். இங்கே லட்சக்கணக்கில் வோல்ட் ஏறுகிறது, ஒரு சத்தமும் இல்லை.

“மேடம், போவுதா?” என்றாள் அஃப்ஸர் மெல்ல.

“போவுதுக்கா.”

“சத்தத்தையே காணோம்?”

“டி.சி. அப்படித்தான். உறுமாது. முழு வோல்ட்டேஜ் ஏறிடுச்சு. இனிமே டீ வர்ற வரைக்கும் அப்படியே நிக்கணும்.”

அந்த மௌனம் மெர்சியின் பிடரியில் ஊர்ந்தது. சுவிட்சைத் தொட்ட அந்தச் சின்னப் பெண் அவளுக்குள் எங்கோ கைகளை இறுக்கிக்கொண்டு நின்றாள். இணைப்புக்குள் ஒரு கறுப்பு மரம் இப்போது வேர் விடுகிறதா? அவளுக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் உடம்புக்கும் பரீட்சைக்கும்தான், பிளாஸ்டிக்குக்கு என்று ஒன்றும் இல்லை. இருந்ததை வைத்துச் சொன்னாள். பக்கத்தில் அஃப்ஸரின் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்திருந்ததில் மெர்சிக்குக் கை மரத்துப்போயிற்று.

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. ஆடை படிந்தது.

நந்தினி வோல்ட்டேஜைக் கீழே இறக்கினாள். நீளமான கோல் ஒன்றை எடுத்துக்கொண்டு வலைக்குள் போய் முனையைத் தொட்டாள். உள்ளே மிச்சம் உட்கார்ந்திருப்பதை எழுப்பி மண்ணுக்கு அனுப்புகிற கோல். சடக் என்று ஒரு பொறி. மெர்சி நாற்காலியோடு பின்னால் போனாள்.

“அக்கா, அது நான்தான், பயப்படாதீங்க” என்று நந்தினி திரும்பினாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். “தாங்கிடுச்சு.”

அஃப்ஸர் மெர்சியின் கையைப் பிடித்து, மடக்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கட்டைவிரலை எடுத்து அதன் தலையில் ஒரு சுண்டு சுண்டினாள்.

*

அவர்கள் தெற்கே போன அன்று தேவசகாயம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தான். பட்டம்மாள் இந்தத் தடவை அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். வண்டி கிளம்பும்போது தேவசகாயம் ஜன்னலோரம் நடந்துகொண்டே, “பல்பு போச்சுன்னா யாரு ஸ்டூல் புடிப்பா?” என்று கேட்டான். “பாரதியை மாட்டச் சொல்லு. நீ புடி” என்றாள் மெர்சி.

கேபிள் கரையேறும் இடம் சவுக்குத் தோப்பைத் தாண்டி இருந்தது. போய்ச் சேர்ந்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு அஃப்ஸர் மணலில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டாள். மெர்சி போய்ப் பக்கத்தில் நின்றாள். தொலைவில், இன்னும் காத்தாடி நடாத கடல் வெறுமனே கிடந்தது. அலை வந்து அவர்கள் காலைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று. மறுபடி வந்தது. மறுபடி போயிற்று.

அஃப்ஸர் வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“இன்னாடி மெர்சி இது? முன்னாடி வருது, பின்னாடி போவுது, முன்னாடி வருது, பின்னாடி போவுது. இவ்ளோ தூரம் வந்து பாத்தா, கடலே ஏ.சி.யாத்தான் கீது!”

மெர்சி சிரித்துக்கொண்டே குனிந்தாள். நாளைக் காலையிலிருந்து கையுறைதான். வலது கட்டைவிரலை ஈரமணலில் வைத்து, நிதானமாக ஒரு இழுப்பு இழுத்தாள். அடுத்த அலை வந்து அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டுப் போயிற்று.